ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்த ஆங்கில நாய்

1

நாங்கள் சிங்கப்பூரில் கப்பலைவிட்டு இறங்கி மூன்று ஆண்டுகள் நிறைந்ததை அம்மா சென்ற ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்துக் கொண்டாடினாள். தேங்காய்ப்பாலுக்கு இங்கே குறைவில்லை. முருங்கைக்காய்க்குத்தான் சிராங்கூன் ரோடு வரை நடக்க வேண்டியிருந்தது. அப்பா துறைமுகத்துக் கிட்டங்கியில் எழுத்தர். சரக்கு அடுக்கும் பெரிய கட்டடத்தை இங்குள்ள தமிழர்கள் கிட்டங்கி என்கிறார்கள். ஞாயிறு ஒருநாள்தான் அவர் பகலில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

பாதிச் சாப்பாட்டில் பின்கட்டிலிருந்து என் தங்கை வள்ளியின் குரல் கேட்டது.

“மாரி சினி! மாரி சினி!”

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் வளர்க்கும் நாயை அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பரிமாறுவதை நிறுத்தினாள்.

“என்னட்டி, நாய்க்கு மாரின்னா பேரு வச்சிருக்காவ? சாமி பேரையா?”

வள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, ‘மாரி’ன்னா வா. ‘சினி’ன்னா இங்க. மலாய்ல சொன்னாத்தான் அதுக்குப் புரியும்.”

“தமிழ்ல சொன்னா?”

“சும்மா படுத்திருக்கும்.”

ஐந்து வயதில் கப்பலேறியவள் வள்ளி. வந்த புதிதில் ‘இங்கன’ என்பாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் அது ‘இங்க’ ஆயிற்று. இப்போது சில நாட்களில் ‘சினி’ ஆகிவிடுகிறது. வீட்டில் ஒவ்வொரு பொருளாகக் களவு போவதைப் போல அம்மா இதைக் கவனித்துவருகிறாள்.

“நம்ம ஊர்ல நாய்க்கு என்ன பாஷை தெரியும்?” என்று வள்ளி கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பு வந்தால் அவருக்குப் புரையேறும்.

“இங்கிலீஷ்” என்றேன் நான்.

அவள் நம்பவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி, ஊரில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஸ்டேஷன் ரோட்டுக்காரர் யாரேனும் இதைப் படித்துப் பிழை கண்டால், அது என் நினைவின் பிழை, நாயின் பிழையன்று.

2

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வள்ளி தொட்டிலில் இருந்தாள். வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய் அதிக காலம் ஆகவில்லை. எங்கள் வீடு சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்கு எதிரே, சுடலைமுத்து அண்ணாச்சியின் காப்பிக் கடைக்கு அடுத்ததாக இருந்தது. நிலையத்து வாசலில், வேப்பமரத்தின் கீழ், கோமதியக்கா பூக்கட்டி விற்பாள். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் பிற்பகல், செங்கோட்டை வண்டி போனபிறகு பார்த்தால், நிலையத்து வேலிக்கம்பியில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது.

தெருநாய் அன்று. பால்வெள்ளை, மூக்கும் கண்விளிம்பும் மட்டும் ரோஜா நிறம். நீண்ட கால்கள். ராஜபாளையம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேட்டைக்கு வளர்ப்பார்களே, அந்த வகை. கழுத்தில் நல்ல தோல்பட்டை; அது இறுகி, அதன் கீழே புண் வைத்திருந்தது. கட்டியவரை எவரும் பார்க்கவில்லை. அடுத்த வண்டியிலும் மறுநாள் வண்டியிலும் அதைத் தேடி எவரும் வரவில்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் அது எழுந்து நின்று, இறங்குகிறவர்களின் முகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தது. கடைசி ஆள் வாசலைக் கடந்ததும் உட்கார்ந்துகொண்டது.

“எவனோ வேணும்னே கெட்டிப்போட்டுட்டுப் போயிருக்கான்” என்றார் அண்ணாச்சி.

“அவன் வெளங்க மாட்டான்” என்றாள் கோமதியக்கா. “ஆனா ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்கும் நாய்க்கும் ஆகாது. பூக்கூடைய மோந்துச்சுன்னா அந்தால வெரட்டிப்புடுவேன்.”

விரட்ட வேண்டிய தேவை ஏற்படவில்லை. அண்ணாச்சி ஆறிப்போன தோசையைப் பாலில் பிய்த்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த பேச்சிமுத்து மாமா, கடித்தாலும் கவலையில்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பட்டையைத் தளர்த்தினார். அது கடிக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா பழைய சாக்கு ஒன்றை விரித்தாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீடு திரும்பும் வழியில் ஊதா மருந்து தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்த ஊதாவின்மேல், புண்ணை ஆற்றும் என்று ஊரார் நம்பும் கோயில் புற்றுமண் குழைத்துப் பூசியிருந்தது.

“இது யாரு பூசினது?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“அம்பாள் பூசியிருப்பா” என்று சொல்லிவிட்டுக் கோமதியக்கா மல்லிகையைக் குனிந்து எண்ணத் தொடங்கினாள். அவள் விரல்நுனிகளில் மண் காய்ந்திருந்தது.

3

எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் கூப்பிட்டால் மட்டும் நாய் வரவில்லை.

‘தோ, தோ’ என்று தெருவில் எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். வால்கூட அசையவில்லை. முறைப்போ பயமோ அதனிடம் இல்லை. கூப்பிடுவது தன்னை அல்ல என்பதுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஆராய்ந்தபின் அண்ணாச்சி முடிவு சொன்னார்.

“இதுக்குத் தமிழ் தெரியாது வே.”

அந்த முடிவைத் தெரு உடனே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை ஒரு பன்மொழி மாநாடு என்றே சொல்ல வேண்டும். குருவிகுளத்திலிருந்து பருத்தி மூட்டையோடு வந்திறங்கிய விவசாயி ஒருவர், தம் வீட்டு மொழியான தெலுங்கில் “இக்கட ரா!” என்று அழைத்துப் பார்த்தார். பேச்சிமுத்து மாமா நெஞ்சை நிமிர்த்தி, பட்டாளத்து இந்துஸ்தானியில் “இதர் ஆவ்!” என்று அதட்டினார்; காப்பிக் கடைக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். நாய் எழவில்லை.

நான்காம் நாள் ஜெபமணி டீச்சர் அந்த வழியாக வந்தார். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவர். தெருக்கோடி வீட்டில் தனியாக வசித்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வகுப்பில் எங்களைக் கரும்பலகைக்கு அழைக்கும் அதே பாவனையில் வலக்கையை நீட்டி, விரல்களை மடக்கி, “கம் ஹியர்” என்றார்.

நாய் எழுந்து ஓடிவந்து அவர் காலடியில் நின்றது.



“நான் அப்பவே நெனச்சேன்” என்றார் பேச்சிமுத்து மாமா. “தொர வீட்டு நாய். கப்பல்ல ஏத்த முடியாம விட்டுட்டுப் போயிட்டாம் போல.”

“தொரை இங்கன வந்தா விட்டான்?” என்றாள் கோமதியக்கா.

“கை மாறி கை மாறி வந்திருக்கும். பாஷ மாறல்ல.”

டீச்சரின் முகம் அன்று போல் மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கு ‘ஸ்னோ’ என்று பெயரும் வைத்தார்.

“மூஞ்சில பூசுற ஸ்னோவா டீச்சர்?” என்று கோமதியக்கா கேட்டாள்.

“அது இல்ல கோமதி. பனி. வானத்திலயிருந்து வெள்ளையா விழும்.”

“எங்கன விழும்?”

டீச்சர் சற்று யோசித்து, “புத்தகத்துல” என்றார்.

அன்றிலிருந்து தெரு ஆங்கிலம் பயிலத் தொடங்கியது. இரண்டு கையாலும் காப்பி ஆற்றிக்கொண்டே அண்ணாச்சி “கம்மியர், கம்மியர்” என்பார். நாய் வராது. டீச்சர் கையை வீசி “கம் ஹியர்” என்பார். நாய் ஓடிவரும். வேறுபாடு உச்சரிப்பில்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மாலையில் டீச்சர் காப்பிக் கடை பெஞ்சில் அமர்ந்து திருத்துவார்.

“கம்மியர் இல்ல சுடலைமுத்து. கம். ஹியர். ரெண்டு சொல்லு.”

“ரெண்டையும் சேத்துத்தானே டீச்சர் சொல்லுதேன்.”

“சேக்காதீங்க.”

“பிரிச்சுச் சொன்னா காப்பி ஆறிப்போவுதே.”

4

இங்கே நான் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். என் கட்டுரைகளில் பிழை காண்பது அரிது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வாய் திறந்தால் நிலைமை வேறு. என் ஆங்கிலம் ஜெபமணி டீச்சரிடமிருந்தும் புத்தகங்களிலிருந்தும் வந்தது. இவர்கள் பேசும் ஆங்கிலத்தில் பாதிச் சொற்கள் பல்லுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகின்றன. நான் விடை யோசிக்கும் சிறு இடைவெளியில், கேட்டவர்கள் அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கிறார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை என் இயல்பான குரலில் நான் தெரிவிப்பதற்குள், அவர்கள் முழுக்குரலுக்குப் போய்விடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய இடர் தலையால் வந்தது. வந்திறங்கிய மாதத்தில் அடையாள அட்டை வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வரிசை மெல்ல நகர்ந்து என் முறை வந்தது. “இந்த முகவரியில்தான் வசிக்கிறாயா?” என்று குமாஸ்தா கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இருபுறமும் மெதுவாகச் சாய்த்தேன். அவர் ‘இல்லை’ என்று குறித்தார். பதறிப்போய் இன்னும் வேகமாகச் சாய்த்தேன். அவர் ‘இல்லை’யின் கீழே கோடு போட்டார். முகவரி கிடைத்தபின் வரும்படி சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அப்பா கிட்டங்கியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, மகள் தம்மோடுதான் வசிக்கிறாள் என்பதை வாய்மொழியாக நிறுவ வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லோரும் கண்ணாடியின் முன் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிப் பழகினோம். வள்ளிக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. எனக்கு இன்றும் அவசரத்தில் பக்கவாட்டில்தான் போகிறது.

மனிதர்கள் சொல்லைக் கேட்கிறார்கள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறெதையோ.

5

ஆடித்தபசுக்குப் பத்து நாள் இருக்கும்போது தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் வந்தான். திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வரும். ஆகவே சொந்தக்காரர் இல்லாத நாய்கள் பிடித்து ஒழிக்கப்படும். சொந்தக்காரர் உள்ள நாய்களைச் சுகாதார இன்ஸ்பெக்டர் தெருத்தெருவாக வந்து பார்த்துப் பதிவு செய்து, கழுத்தில் கட்டத் தகர வில்லை கொடுப்பார். அந்தக் காலத்தில் எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் ஒரு புதுமை இருந்தது. முந்தின ஆண்டு இரக்கம் மிகுந்த ஒருவர் பதினொரு நாய்களைத் தம்முடையவை என்று சொல்லி வில்லை வாங்கியிருந்தார். ஆகவே இம்முறை பரீட்சை உண்டு. சொந்தக்காரர் இருபதடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும். நாய் அவரிடம் போக வேண்டும். போகாத நாய்க்கு வில்லை கிடையாது, நாய் பிடிக்கிற வண்டிதான்.

தெரு கூடிப் பேசியது. நாய் யாருடையது என்று எழுதுவது?

“டீச்சர்தான். அவுக சொன்னாத்தானே கேக்கு” என்றார் அண்ணாச்சி.

“எனக்கு வேண்டாம்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன்” என்றாள் கோமதியக்கா. அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

டீச்சர் சம்மதித்தார். தெரு நிம்மதியாகத் தூங்கப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது, நாய் தண்டவாளத்துக்கு அருகே வேலியோரம் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்று வந்தது. நிலையத்தை நெருங்கும்போது நீளமாக ஊதியது. வேப்பமரத்துக் காக்கைகள் ஒருசேரக் கிளம்பின. கோமதியக்கா காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் தோளில் சாய்த்துக்கொண்டாள். குதிரைவண்டிக் குதிரை பின்வாங்கியது. நாய் உறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அருகே வந்து தரை அதிரத் தொடங்கியபின்தான் துள்ளி எழுந்தது.

நான் அதன் முதுகுப்பக்கம் போய் நின்று, கையிலிருந்த பித்தளைத் தூக்குச்சட்டியின் மூடியைக் கல்லின்மேல் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. நாய் மட்டும் திரும்பவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். அப்போது இன்னும் குறைவு. ஆனால் கோமதியக்கா பார்த்துவிட்டாள். முகவாயை மேலே ஒரு வெட்டு வெட்டி என்னை அருகே அழைத்தாள். அவளுடைய இரண்டு கையும் பூவிலும் நாரிலும் இருக்கும். நாரின் நுனி கால் பெருவிரலில் சுற்றியிருக்கும். காலையிலிருந்து மாலை வரை தெருவில் யாரை அழைப்பதானாலும் அவளுக்கு முகவாய்தான்.

“என்னட்டி?”

“காது” என்றேன்.

“சுத்தமாவா?”

தலையாட்டினேன்.

அவள் பூவைக் கீழே வைத்தாள். “அப்பம் டீச்சர் கூப்பிட்டா மட்டும் வருது?”

“கையைப் பாத்து வருது.”

நாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்குத்தான் கெட்டிப்போட்டுட்டுப் போயிருக்கான், மூதி. சொன்னபடி கேக்கலன்னு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, இத ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. செவிட்டு நாய்னு தெரிஞ்சா வில்லை குடுக்க மாட்டான். மொத அடி அதுக்குத்தான் விழும்” என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தானும் யாரிடமும் சொல்லவில்லை என்று கோமதியக்கா பின்னர் கோமதியம்மன்மேல் ஆணையிட்டாள். விளக்கு வைப்பதற்குள் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

தெரியாதவர் ஒருவர்தான். டீச்சரிடம் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

“இருவது வருசமா இங்கிலீஷ் நடத்துதாவ” என்றார் அண்ணாச்சி. “ஒரு பய திருப்பிப் பதில் சொன்னதில்ல. இந்த நாய் ஒண்ணுதான் அவுக சொன்னதப் புரிஞ்சுக்கிட்டு வருது. அதையும் இல்லன்னு எப்படிவே சொல்ல?”

“சொல்லவும் வேண்டாம்” என்றார் பேச்சிமுத்து மாமா. “எப்படியும் கைய வீசாம அவுகளுக்குப் பேச வராது. காரியம் முடிஞ்சுரும்.”

ஆகவே மாலை வகுப்புகள் தொடர்ந்தன. காரணம் தெரிந்த பிறகும் அண்ணாச்சி “கம். ஹியர்” என்று பிரித்துச் சொல்லிப் பழகினார். அவர் உச்சரிப்பு உண்மையிலேயே தேறிவிட்டது.

6

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் டீச்சர் வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தார். அம்மா நாயைக் குளிப்பாட்டியிருந்தாள். தெருவிலிருந்த ஆறு நாய்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பேச்சிமுத்து மாமா அணிவகுத்து நிறுத்தினார். நாய்கள் ஓரளவு ஒத்துழைத்தன. காப்பிக் கடை வாசலில் மேசை போட்டு இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திறந்தார். அவர் வேறு ஜில்லாக்காரர், சிரிக்காத மனிதர், ஆனால் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, கூண்டு வைத்த மாட்டுவண்டி நின்றது. அதனருகே கம்பும் கண்ணிக் கயிறுமாக இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதல் நாய் தேறியது. இரண்டாவது நாயும் தேறியது. ஆனால் அது சொந்தக்காரரிடம் போன வேகத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு ஐயம் வந்தது. எழுந்து போய்ச் சொந்தக்காரரின் மூடிய கையைப் பிரித்தார். உள்ளே உளுந்தவடை இருந்தது.

“இனிமே எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் கூப்பிடணும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்த காப்பி வெளியே சிந்தியது. பேச்சிமுத்து மாமா என்னைப் பார்த்தார். நான் கோமதியக்காவைப் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்தது இன்ஸ்பெக்டருக்கும் டீச்சருக்கும் தெரியாது. சொல்லவும் வழியில்லை.

எங்கள் முறை வந்தது. பேச்சிமுத்து மாமா நாயைப் பிடித்துக்கொண்டு மேசைக்கருகே நின்றார். டீச்சர் இருபதடி நடந்து, வேப்பமரத்துக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கம் ஹியர், ஸ்னோ!”

அவ்வளவு திருத்தமான ஆங்கிலத்தை அந்தத் தெரு அதற்கு முன்பு கேட்டிருக்காது. நாய் அவர் முகத்தை ஆவலோடு பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

“சத்தமாக் கூப்பிடுங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கம் ஹியர்!”

அண்ணாச்சியின் உதடுகள் ஓசையின்றி ‘கம்’, ‘ஹியர்’ என்று அசைந்தன. டீச்சரின் குரல் உடைந்தது. “ஸ்னோ... ப்ளீஸ்...”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். வண்டியருகே நின்றவர்களில் ஒருவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

அப்போது நாய் பாய்ந்தது. காது பின்னால் மடங்க, நாலுகால் பாய்ச்சலில் மேசையைக் கடந்து, டீச்சரைக் கடந்து, அவருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த கோமதியக்காவின் முன் போய் நின்று, வாலை ஆட்டியது. பூக்கூடையை அது முகரவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். “இது யார் நாய்?”

எல்லோரும் கோமதியக்காவைப் பார்த்தார்கள்.

“டீச்சர் கூப்பிட்டா வரல. உன்கிட்ட வருது. நீ கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன் சார்.” அவள் விரல்கள் பூவைக் கட்டிக்கொண்டேயிருந்தன.

“என் காதுல ஒண்ணும் விழலியே?”

“ஒங்க காதுல விழாட்டி என்ன சார்? அது காதுல விழுந்துட்டுல்லா.”

அண்ணாச்சி சட்டென்று கடைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து மாமா தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இன்ஸ்பெக்டர் கோமதியக்காவின் கைகளைப் பார்த்தார். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் நார். வடை எங்கும் இல்லை.

“திரும்பக் கூப்பிடு பாப்போம்” என்றார்.

பேச்சிமுத்து மாமா நாயை மீண்டும் இருபதடி கொண்டுபோய் நிறுத்தினார். இம்முறை இன்ஸ்பெக்டர் கோமதியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நாயைப் பார்த்து முகவாயை ஒரு வெட்டு வெட்டினாள். நாய் வந்து சேர்ந்தது.

டீச்சர் இன்னும் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து, வகுப்பறைக் குரலில், “சொந்தக்காரி கோமதிதான் சார். அவளுக்கு எழுத்து வராது. அதனால நான் முன்னால வந்தேன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது டீச்சர் என்னருகே வந்து, உதடு அசையாமல் கேட்டார்.

“செவிடா?”

தலையாட்டினேன்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ஆறு நாளா.”

“ஆறு நாளா அதக் கூப்பிட நான் உச்சரிப்பு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நீயாவது வாயத் திறந்திருக்கலாம்லா?” அவர் கோபமாக இருக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். தோள்கள் குலுங்கியபின்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சுடலைமுத்துக்காவது வந்துச்சே, அது போதும்” என்றார்.

இன்ஸ்பெக்டர் தகர வில்லையைத் தாமே நாயின் பட்டையில் கட்டினார். அண்ணாச்சி கொடுத்த காப்பியைக் குடித்தார். வண்டி காலிக் கூண்டோடு முன்னே போயிற்று. அவரும் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். தெரு முனைக்குப் போனதும் நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பக்கம் திரும்பி, நாயைப் பார்த்து, முகவாயை மெல்ல ஒரு வெட்டு வெட்டினார்.

நாய் எழுந்து நின்றது. அவரைப் பார்த்தது. பிறகு திரும்பிக் கோமதியக்காவைப் பார்த்தது.

“போகாத” என்றாள் அவள். அதன் காதில் விழாது என்பது அந்த நேரம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

நாய் போகவில்லை.